வீட்டு வானிலை நிலையம்: கருவியை வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

நல்ல விலை கொடுத்து டிஜிட்டல் வானிலை நிலையம் ஒன்றை வாங்கி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் திருகிவிட்டு, மறுநாளே "43 டிகிரி" என்று சொல்பவர்கள் நிறைய. அந்த 43 காற்றின் வெப்பநிலை இல்லை. வெயிலில் காய்ந்த தளத்தின் சூடு, சுவரின் சூடு, கருவியின் பிளாஸ்டிக் உறை வாங்கிய சூடு எல்லாம் சேர்ந்து வந்த எண் அது. அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும் சாதாரண வெப்பமானியைப் புல்தரைக்கு மேல், நிழலும் காற்றோட்டமும் உள்ள கூண்டில் வைத்தவர் உண்மையான அளவுக்கு அருகில் இருப்பார். வீட்டு அளவீடுகளில் வரும் பிழைகளில் பெரும்பகுதி கருவியில் பிறப்பதில்லை, அதை வைத்த இடத்தில் பிறக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி இடத்திலிருந்தே தொடங்குகிறது.

இடம் தேர்வு

புல் அல்லது மண் தரை. நாலாபக்கமும் திறந்த வெளி. ஒரு மரமோ சுவரோ மழைமானியின் வாயை விட எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி மழைமானி இருக்கவேண்டும். நான்கு மடங்கு கிடைத்தால் மிக நல்லது. வாய்க்கு மேல் 5 மீட்டர் எழும் மரம் என்றால் குறைந்தது 10 மீட்டர் விலகல். வெப்பமானிக்கு ஏசியின் வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, வாகன நிறுத்தம், தண்ணீர் தேங்கும் இடம் எதுவும் அருகில் ஆகாது.

மாடி தவிர வேறு இடமே இல்லை என்றால்? வையுங்கள், ஆனால் அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்க விடும். அதனால் மாடி நிலையத்தில் பகல் உச்சத்தை விட அதிகாலைக் குறைந்தபட்சம்தான் பெரும்பாலும் மோசமாக ஏமாற்றும். முடிந்தவரை தளத்திலிருந்து உயர்த்தி, சுவர்களிலிருந்து விலக்கி, வெளிர்நிறப் பரப்பின் மேல் வைத்தால் பாதிப்பு கொஞ்சம் குறையும். அப்படி எடுத்த எண்ணைத் தரைநிலைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம். நேற்றைய உங்கள் எண்ணோடு ஒப்பிடலாம்.

வெப்பமானியும் அதன் கூண்டும்

உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல்படி வெப்பமானியின் குமிழ் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். அதற்குக் கீழே போனால் தரையை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கின் வெப்பநிலைதான் கிடைக்கும். வெயிலடிக்கும் பகலில் அந்த அடுக்கு சில டிகிரி சூடாகவும், தெளிவான இரவில் சில டிகிரி குளிராகவும் இருக்கும்.

கூண்டு என்றால் ஸ்டீவன்சன் கூண்டுதான் பழைய, நம்பகமான வடிவம்: இரட்டைச் சாய்பலகைச் சுவர்கள், இரட்டைக் கூரை, வெள்ளைச் சாயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வகுத்தது. கதவைத் திறக்கும்போது வெயில் உள்ளே விழாத திசையில் கதவு இருக்கவேண்டும்: வடகோளத்தில் வடக்கு, தென்கோளத்தில் தெற்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் எதிர்ப்பக்கமும் வரும் என்பதால் அங்கே வாசிக்கும் நேரத்துக்கு ஏற்ப முடிவுசெய்யுங்கள்.

சிறிய சென்சாருக்கு அத்தனை பெரிய பெட்டி வேண்டாம். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் எட்டு, ஏறத்தாழ 20 செ.மீ. விட்டத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்த நிலையில், மூன்று மரைத்தண்டுகளில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கோர்க்கவேண்டும். நடுவில் வரும் ஐந்து தட்டுகளில் 8 முதல் 10 செ.மீ. அகலத் துளை, மேல் இரண்டில் துளை கூடாது. அடித்தட்டையும் வெட்டவேண்டாம், நீர் வடிய நாலைந்து ஊசித்துளை போதும். அதை முழுதாக விடுவதற்குக் காரணம், தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்து சென்சாரைச் சுடும் என்பதே. தட்டுகளுக்கிடையே சிறு குழாய்த்துண்டுகளைச் செருகி 1.5 செ.மீ. அளவுக்கு இடைவெளி விடுங்கள். கட்டி முடித்ததும் கண்ணைத் தட்டுமட்டத்துக்குக் கொண்டுவந்து, பல கோணங்களில் பாருங்கள். எந்தக் கோணத்திலிருந்தாவது சென்சார் கண்ணுக்குத் தெரிந்தால் வெயிலுக்கும் அது தெரியும். இடைவெளியைக் குறைக்கவேண்டும்.

இந்தக் கூண்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. காற்றே அசையாத உச்சிவெயிலில் தட்டுகள் சூடாகி, உள்ளே ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டும். அதைச் சோதிக்கச் சிறிய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை, காற்றை சென்சார் வழியாக உறிஞ்சி வெளியே தள்ளுமாறு வையுங்கள். திருப்பி வைத்தால் மோட்டாரின் சூடு சென்சார் மேல் வீசும். ஃபேனை ஓட்டிப் பத்து நிமிடத்தில் எண் ஒரு டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால் கூண்டு போதவில்லை என்று பொருள். ஃபேனை நிரந்தரமாகவே விட்டுவிடலாம்.

பூஜ்ஜியச் சோதனை: காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியைப் பொடித்து ஒரு தெர்மாஸ் குடுவையை நிரப்புங்கள். இடுக்குகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். நீர் அதிகமாகி பனி மேலே மிதந்தால் சோதனை கெட்டது. 4 டிகிரியில்தான் நீருக்கு அடர்த்தி அதிகம், அந்த நீர் அடியில் போய்த் தங்கும், குமிழும் அங்கேதான் இருக்கும். குமிழ் பனியின் நடுவில், சுவரைத் தொடாமல், பத்து நிமிடம். காட்டும் எண் 0.4 என்றால் இனி எல்லா அளவீட்டிலும் 0.4 கழியுங்கள். டிஜிட்டல் சென்சார் நீர் புகாத வகை இல்லையென்றால், மெல்லிய பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி இறக்கவேண்டும்.

ஈரப்பதம்: இரண்டு வெப்பமானி, ஒரு துணி

டிஜிட்டல் ஈரப்பதச் சென்சார்கள் வசதியானவை. ஆனால் ஓரிரு ஆண்டுகளில் மெல்ல வழிதவறும், அதை வெளியே சொல்லவும் மாட்டா. உலர்குமிழ், ஈரக்குமிழ் என்ற பழைய ஜோடி, சரியாகப் பராமரித்தால், பொய் சொல்லாது. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழை நனைந்த பருத்தித் துணியால் சுற்றவேண்டும். நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும்.

புதுத்துணியில் கஞ்சி இருக்கும், எண்ணெய்ப் பசையும் இருக்கலாம். சோப்பில் துவைத்து, கொதிக்கவைத்து அலசிய பிறகே பயன்படுத்துங்கள். குமிழைச் சுற்றி ஒரே அடுக்கு, இறுக்கமாக. துணியின் வால் சில செ.மீ. தள்ளியுள்ள காய்ச்சி வடித்த நீர்ச் சிமிழுக்குள் போகவேண்டும். சிமிழ் குமிழுக்கு நேர் கீழே ஒட்டி இருந்தால் அதிலிருந்து எழும் ஈரமே அளவைக் கெடுக்கும். குமிழ் மேல் விநாடிக்கு மூன்று மீட்டர் அளவில் காற்று ஓடுமாறு ஃபேனை இயக்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் எண் இறங்கி நிலைத்ததும் படியுங்கள். முதலில் ஈரக்குமிழ், அடுத்த கணமே உலர்குமிழ். முகத்தை மிக அருகில் கொண்டுபோய் மூச்சுவிடாதீர்கள்.

கணக்குக்கு நிறைவுற்ற ஆவியழுத்தம் தேவை, அதாவது அந்த வெப்பநிலையில் காற்றில் நீராவி அடையக்கூடிய உச்ச அழுத்தம். ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அலகில்: 20 டிகிரிக்கு 23.4, 22-க்கு 26.4, 24-க்கு 29.8, 25-க்கு 31.7, 26-க்கு 33.6, 27-க்கு 35.7, 28-க்கு 37.8, 30-க்கு 42.4, 32-க்கு 47.6, 34-க்கு 53.2.

உலர்குமிழ் 32.0, ஈரக்குமிழ் 27.0 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் வேறுபாடு 5. கடல்மட்டத்துக்கு அருகில், ஃபேன் ஓடும் நிலையில் அந்த வேறுபாட்டை 0.67-ஆல் பெருக்குங்கள்: 3.35. ஈரக்குமிழ் வெப்பநிலைக்குரிய 35.7-இலிருந்து அதைக் கழித்தால் 32.3. காற்றில் உண்மையில் உள்ள நீராவியின் அழுத்தம் இதுவே. 32 டிகிரிக்குரிய 47.6-ஆல் வகுத்தால் 0.68, அதாவது ஒப்பு ஈரப்பதம் 68 சதவீதம். ஃபேன் இல்லாமல் கூண்டுக்குள் தானாக வரும் காற்றை நம்பினால் 0.67-க்குப் பதில் 0.80. மலைப்பகுதியில் அழுத்தம் 900 ஹெக்டோபாஸ்கல் அளவில் இருந்தால், ஃபேனோடு 0.60.

இப்போது துணி அழுக்காகி ஈரக்குமிழ் 27-க்குப் பதில் 28 காட்டுகிறது என்று வையுங்கள். அதே கணக்கு 74 சதவீதம் தரும். ஒரு டிகிரிப் பிழைக்கு ஆறு சதவீதம்! கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும். துணியில் படியும் உப்பு ஆவியாதலைத் தடுக்கும், குமிழ் போதிய அளவு குளிராது. துணி மஞ்சளித்தால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை. இந்த ஜோடியில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் தள்ளும்: உள்ளதை விட ஈரமாகக் காட்டும். காய்ந்த துணி, உப்புத் துணி, காற்றோட்டமின்மை மூன்றும் அப்படியே. மழைச்சாரல் பட்டு உலர்குமிழ் நனைந்தாலும் இதேதான். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும், மூடுபனி இல்லாத நாளில் 100 சதவீதம் வந்து நிற்கும்.

டிஜிட்டல் மானியைச் சோதிக்கச் சமையல் உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் ஒரு டீஸ்பூன் உப்பு, அதில் சில சொட்டு நீர். ஈரமணல் பதத்தில் இருக்கவேண்டும், கரைந்துவிடக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் மானியோடு சேர்த்து மூடி, வெப்பநிலை அதிகம் மாறாத மூலையில் ஒரு நாள் வையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 70 காட்டினால் 5 குறைவாகக் காட்டுகிறது. டப்பாவைத் திறக்காமல், வெளியிலிருந்தே படிக்கவேண்டும்.

பனிநிலை என்ற எண்

ஒப்பு ஈரப்பதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். காலையில் 90, மதியம் 55 என்றால் காற்று வறண்டுவிட்டது என்று அர்த்தமில்லை, சூடாகிவிட்டது, அவ்வளவே. பனிநிலை, அதாவது காற்றைக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, அப்படி ஆடாது. மேலே கிடைத்த 32.3-ஐ அட்டவணையில் தேடினால் அது 25-க்கும் 26-க்கும் இடையில் விழும், பனிநிலை 25.3 டிகிரி. காற்று மாறினால்தான் இந்த எண் பெரிதாக மாறும்.

இதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. கூண்டு சூடாகி டிஜிட்டல் சென்சார் இரண்டு டிகிரி அதிகம் காட்டும்போது, ஒப்பு ஈரப்பதத்தையும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும். இரண்டிலிருந்தும் கணக்கிடும் பனிநிலை ஏறத்தாழ சரியாகவே வரும். ஆகவே வைத்த இடம் மோசமான நிலையத்திலிருந்தும் நம்பத்தகுந்த ஒரு எண் கிடைக்கும்.

வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் பகலில் எழும் திரள் மேகங்களின் அடிமட்டம் மீட்டரில் வரும். 32.0-லிருந்து 25.3 போனால் 6.7, பெருக்கினால் சுமார் 840 மீட்டர். வெயிலில் சூடேறிய காற்று கிளம்பிப் போய் உருவாக்கும் மேகத்துக்கு மட்டுமே இது பொருந்தும். இரவிலோ அடைமழை மேகத்திலோ போட்டுப் பார்த்துவிட்டு கணக்கு தவறு என்று சொல்லக்கூடாது.

மழைமானி

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். மழைமானியின் கணக்கு முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கும். புனலின் வாய் 11.3 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 100 சதுர செ.மீ. அப்போது 10 மி.லி. நீர் 1 மி.மீ. மழை, சாதாரண அளவுச்சாடியிலேயே பத்தில் ஒரு மி.மீ. வரை படிக்கலாம். வேறு புனல் என்றால் மி.லி.-இல் உள்ள அளவைச் சதுர செ.மீ. பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். விட்டத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு, நான்கு திசையில் அளந்து சராசரி எடுக்கவேண்டும். 113 மி.மீ. விட்டத்தை 111 என்று எடுத்துவிட்டால் எல்லா மழையும் மூன்றரை சதவீதம் கூடித் தெரியும்.

புனலின் விளிம்பு கூர்மையாக, மேல்பகுதி செங்குத்தாக, ஆழமாக இருக்கட்டும். ஆழமில்லாத புனலில் பெருந்துளிகள் தெறித்து வெளியே போகும். கழுத்து குறுகலாக இருந்தால் சேர்ந்த நீர் ஆவியாவது குறையும். கீழே 2 லிட்டர் பாட்டில் வைத்தால் 100 சதுர செ.மீ. புனலுக்கு 200 மி.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் கொட்டும் நாளுக்காக, பாட்டிலை ஒரு பெரிய வாளிக்குள் வையுங்கள், வழிந்தது வாளியில் நிற்கும். வாளியின் வாய்க்கும் புனலுக்கும் இடையே மழை நேராக விழ வழியிருக்கக் கூடாது. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்து, கிடைமட்டமாக. கீழே புல் இருக்கவேண்டும். சிமென்ட் என்றால் தரையில் பட்ட துளி எகிறி உள்ளே விழும்.

மழைமானியின் பெரிய எதிரி காற்று. மானியின் மேல் காற்று வளைந்து ஏறும்போது சிறுதுளிகளையும் தூக்கிக்கொண்டு போகும். உயரம் கூடக்கூட காற்று வேகமும் கூடுவதால், மாடி மழைமானி தரை மானியை விடக் குறைவாகவே காட்டும்.

பெட்டியோடு வரும் தானியங்கி மானிகளில் சிறு ஏற்றக்கோல் போன்ற இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒன்று நிரம்பியதும் கவிழ்ந்து ஒரு எண்ணிக்கை விழும். பல மாதிரிகளில் ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. கொட்டும் மழையில், கிண்ணம் கவிழும் அந்த நொடித்துண்டில் விழும் நீர் கணக்கில் வராது, மொத்தம் குறையும். சரிபார்க்க, 100 சதுர செ.மீ. மானியில் 200 மி.லி. நீரைச் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரத்தில் விடுங்கள். 20 மி.மீ. வரவேண்டும், அதாவது 100 கவிழ்ப்பு. கிண்ணத்துக்கு அடியில் உள்ள திருகுகளால் திருத்தலாம். நல்ல மழையில் பூஜ்ஜியம் காட்டினால் மின்னணுவைச் சந்தேகிக்குமுன் புனலைத் திறந்து பாருங்கள். சிலந்தி வலை, சருகு, பறவை எச்சம் மூன்றில் ஒன்று இருக்கும். இன்னொன்று: மேகமே இல்லாத காலையில் 0.1 அல்லது 0.2 காட்டினால் அது பனித்துளி. மழைக் கணக்கில் சேர்க்காமல் தனியாகக் குறியுங்கள்.

காற்றழுத்தம்

அழுத்தமானியை வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். சுவருக்கு உள்ளும் வெளியும் அழுத்தம் ஒன்றுதான். வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாமல் இருந்தால் போதும். பல செல்பேசிகளில் அழுத்தச் சென்சார் இருக்கிறது. தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடி ஏறிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கும்.

அதனால்தான் கடல்மட்டத் திருத்தம், அதாவது உங்கள் உயரத்தில் கிடைத்த அழுத்தத்தைக் கடல்மட்ட அளவாக மாற்றுவது. காற்று 15 டிகிரி என்றால் 8.3 மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் சேர்க்கவேண்டும், 30 டிகிரி என்றால் சுமார் 8.8 மீட்டருக்கு ஒன்று. 60 மீட்டர் உயரத்தில் 1003.0 காட்டினால், 30 டிகிரிக் காற்றில் 6.8 சேர்த்து 1009.8. சில நூறு மீட்டருக்கு மேல் இந்த எளிய கணக்கு பிசகும்.

வெப்பமண்டலத்தில் புதிதாகத் தொடங்குபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. காலை 10 மணிக்கு 1011, மாலை 4 மணிக்கு 1008. "அழுத்தம் இறங்குகிறது, புயல் வருகிறது!" இல்லை. வளிமண்டலத்துக்கும் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. சூரிய வெப்பத்தால் எழும் அந்த அலை காலை 10, இரவு 10 மணி வாக்கில் உச்சமும், காலை 4, மாலை 4 மணி வாக்கில் தாழ்வும் அடையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் இந்த வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் வரை போகும். எனவே இன்று மாலை 4-ஐ நேற்று மாலை 4-உடன்தான் ஒப்பிடவேண்டும். அங்கே ஒரே நேரத்து அளவு 24 மணியில் 3 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் கவனியுங்கள். துருவம் நோக்கிய நடு அட்சரேகைகளில் அது அன்றாட நிகழ்வு. அங்கே மூன்று மணி நேரப் போக்கைப் பார்ப்பதே பயன்.

காற்றும் வானமும்

காற்றுவேகமானி 10 மீட்டர் உயரத்தில், தடையில்லா வெளியில் இருக்கவேண்டும். வீட்டில் பெரும்பாலும் முடியாது. அதற்குப் பதில், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டு காற்றின் வலிமைக்கு எண் தரும் போஃபர்ட் அளவுகோலைப் பழகுங்கள், மரங்களே கருவி. முகத்தில் காற்று பட்டு இலை சலசலத்தால் 2, மணிக்கு 6 முதல் 11 கி.மீ. தூசியும் காகிதமும் கிளம்பினால் 4, அதாவது 20 முதல் 28. பெருங்கிளைகள் ஆடி, குடை பிடிக்கச் சிரமமானால் 6. அது 39 முதல் 49. திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. தென்றல் தெற்கிலிருந்தும் வாடை வடக்கிலிருந்தும் வருவதை நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

இடிமழை நெருங்கும்போது கருவிகள் ஒன்றாகப் பேசும். கார்திரள் மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று வந்து மோதும் நிமிடத்தில் வெப்பநிலை பல டிகிரி விழும், காற்று திசைமாறும், அழுத்தம் சட்டென ஒன்றிரண்டு ஏறும். அந்த நேரத்தைக் குறித்துவைத்தால் பதிவில் அதை விடச் சுவையான வரி இருக்காது. ஆனால் வீட்டுக்குள் இருந்தே குறியுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழும் தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களை எட்டக்கூடும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பிறகே மழைமானியிடம் போகலாம்.

குறிப்பேடு

தினமும் ஒரே நேரம். கோடை நேரம், குளிர்கால நேரம் என்று கடிகாரத்தை மாற்றும் ஊர்களில், மாற்றாத நேரத்தையே பின்பற்றுங்கள். முதலில் வெப்பமானிகள், பிறகு உச்ச, தாழ் அளவுகள், பிறகு மழை, கடைசியில் அழுத்தம். வளைகுழாய் உச்ச-தாழ் வெப்பமானியில் குறிமுள்ளின் பாதரசம் தொடும் கீழ்முனையைப் படிக்கவேண்டும், மேல்முனையை அல்ல. படித்ததும் காந்தத்தால் மீட்டமையுங்கள்.

காலையில் படிக்கும் உச்ச வெப்பநிலை பொதுவாக நேற்றைய மதியத்துடையது. குறைந்தபட்சம் இன்றைய அதிகாலையுடையது. எதை எந்தத் தேதியில் எழுதுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, பிறகு மாற்றாதீர்கள். மழை பெய்தும் அளக்க முடியாத அளவு என்றால் "சிறிதளவு" என்று எழுதுங்கள், பூஜ்ஜியம் வேறு. திருத்தத்துக்கு முந்தைய எண், திருத்திய எண் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். பின்னால் திருத்தமே தவறு என்று தெரியவந்தால் மூல எண் கையில் இருக்கும்.

ஊருக்குப் போய் மூன்று நாள் தவறிவிட்டால், தவறிய நாட்களில் பூஜ்ஜியம் போடாதீர்கள், மொத்தத்தை மூன்றாக வகுத்தும் எழுதாதீர்கள். முதல் இரண்டு நாட்களுக்கு ஒரு கோடு, மூன்றாம் நாளில் "3 நாள் மொத்தம் 41.6" என்று ஒரு குறிப்பு.